அரை மாத்திரைக் கணக்கு

'வேரியன்ஸ்' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் நடக்கும் வாய்ச்சண்டைக்கு அளவே கிடையாது. நான் கல்லூரியில் புள்ளியியல் பாடம் நடத்துபவள். எண்கள் சராசரியை விட்டு எவ்வளவு தூரம் சிதறிக் கிடக்கின்றன என்பதுதான் எனக்கு வேரியன்ஸ். என் வீட்டுக்காரர் தொழிற்சாலைக் கணக்காளர். போட்ட திட்டத்துக்கும் ஆன செலவுக்கும் உள்ள வித்தியாசம்தான் அவருக்கு. ஒரு வாரம் கூடும், ஒரு வாரம் குறையும். மாதக் கடைசியில் நேராகிவிட்டால் மனுஷர் குறட்டை விட்டுத் தூங்குவார்.

"உங்க ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகல, அவ்வளவுதானே? அதுக்கு இங்கிலீஷ் எதுக்கு?" என்பார் நாத்தனார்.

நாத்தனாருக்கு வலிப்பு உண்டு. எங்களோடுதான் இருக்கிறார். அக்காவுக்கு மாத்திரை கொடுப்பது தம்பியின் வேலை. மாத்திரை டப்பாவை நான் தொடக்கூட விடமாட்டார்.

அன்று காலை குளியலறையில் தொப்பென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், நாத்தனாருக்கு ஈரத்தரையில் கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கின்றன. நெற்றியில் ரத்தம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "மாத்திரை தவறாம குடுக்கறீங்களா?" என்று கேட்டார்.

"ஒரு வேளைகூட விட்டதில்ல டாக்டர்," என்றார் இவர். "நீங்க சொன்ன அரை மாத்திரைதான். சரிபாதியா உடைய மாட்டேங்குது, கத்தியால வெட்டுவேன். பெரிய துண்டு இன்னிக்கு, சின்னது நாளைக்கு. கூட்டிப் பார்த்தா நேராயிடும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "சின்னதுன்னா எவ்வளவு?"

இவர் சுண்டுவிரல் நகத்தின் நுனியைக் காட்டினார்.

"நேத்து கூடக் குடுத்ததை உடம்பு இன்னிக்குச் சேர்த்து வெச்சுக்காதுங்க," என்றார் டாக்டர்.

சராசரியை நம்பி ஏமாறாதீர்கள் என்று வகுப்பில் தொண்டை கிழியக் கத்துகிறேன். என் அடுப்படியிலேயே இது நடந்திருக்கிறது! "ஆபீஸ் கணக்கை உங்க அக்கா உசுர்லயா போட்டுப் பார்த்தீங்க?" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

"அவனைத் திட்டாதே கண்ணு."

நாத்தனார் கண் விழித்திருந்தார். குரல் குழறியது. "சின்னத் துண்டு வர்ற அன்னிக்கெல்லாம் ஒரு மாதிரி படபடன்னு வரும். எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா அண்ணி சொல்லாம இருந்தீங்க?"

"எவ்வளவு ஆசையா வெட்டிக் குடுப்பான்! மனசு நோகுமேன்னு விட்டுட்டேன்."

கோபம் போன இடம் தெரியவில்லை. பயம்தான் மிச்சம். இவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா... போன மாசம் மாடிப்படில விழுந்தியே. கால் வழுக்கிடுச்சுன்னு சொன்னே?"

நாத்தனார் கையை நீட்டித் தம்பியின் தலையைத் தடவினார்.

"வழுக்கலடா," என்றார்.