சோடாவில் வெளுத்த பட்டைகள்

தென்கொரியாவின் தேகு நகரில் எங்கள் சாயப்பட்டறைக்கு நகராட்சி கடைசிக் கெடு கொடுத்திருந்தது. இலையுதிர்காலத்துக்குள் ஓடையில் சிவப்புத் தண்ணீர் விடுவது நிற்காவிட்டால் பட்டறைக்குப் பூட்டு. முதலாளி பல்கலைக்கழகத்திலிருந்து தக் யுன்ஹா என்ற ஆராய்ச்சிப் பெண்ணை வரவழைத்தார். அவள் கொண்டுவந்தது ஒரு கட்டுத் துணிப் பட்டைகள். நூல் இழைகளின் மேல் ஏதோ வெள்ளை மருந்து பூசியிருந்தது. கழிவுத் தொட்டியில் தொங்கவிட்டு வெயில் பட வைத்தால், சாயம் தானாகச் சிதைந்துவிடுமாம். பிறகு வெறும் தண்ணீரில் அலசிக் காயவைத்து, மறுபடியும் தொங்கவிடலாமாம்.

நான் நம்பவில்லை. மொட்டைமாடித் தொட்டியில் பட்டைகளைத் தொங்கவிடும் வேலை எனக்கு. முதல் நாள் மூன்று மணிக்குத் தண்ணீர் தெளிந்து, தொட்டியின் அடியிலிருந்த குழாய் கண்ணுக்குத் தெரிந்தது. முப்பத்தொரு வருஷத்தில் அதை நான் பார்த்ததே இல்லை.

பதினோரு தடவை அப்படியே நடந்தது. பட்டைகள் மட்டும் பழுப்பும் ரோஜாவுமாகக் கறை படிந்துவிட்டன. பன்னிரண்டாம் தடவையை நகராட்சி ஆட்கள் நேரில் பார்க்க வருவதாக இருந்தது. அன்று காலை மேஸ்திரி பியோ மேலே ஏறி வந்தான். என்னைவிடப் பத்து வயது சின்னவன். வயதான பெண்களை 'அஜும்மா' என்றுதான் கூப்பிடுவான்.

"என்ன அஜும்மா இது, தரை தொடச்ச துணி மாதிரி இருக்கு! பெரிய ஆளுங்க வர்றாங்க. கொதி சோடாவுல போட்டு வெளுத்து எடுங்க."

கறை பட்ட துணியைக் கண்டால் எங்கள் பட்டறையில் யாருக்கும் கை சும்மா இருக்காது. கொதிக்கிற சலவைச் சோடாத் தண்ணீரில் போட்டுக் கறையை உரிப்பதுதான் வழக்கம். ஆனால் சுவரில் யுன்ஹா ஒரு தாள் ஒட்டியிருந்தாள். நான் அதன் முன்னால் நின்று விரல் வைத்துப் படித்தேன்.

"வெறும் தண்ணியில மட்டும் அலசணும். சோடா கூடாது. தேய்க்கக் கூடாது."

பியோ வாயைப் பிளந்தான். "அடேங்கப்பா! எப்பலேருந்து படிக்கிறீங்க?"

"போன வருஷம். சாயங்கால வகுப்பு."

"அப்ப நாளைக்கு நீங்களே மேஸ்திரியா வந்துடுங்க. பட்டறைய நடத்துறது நானா, அந்தக் காகிதமா?"

வெளுத்தேன். பட்டைகள் கல்யாணத் துணி மாதிரி பளபளத்தன. பியோ தட்டிக்கொடுத்தான்.

நகராட்சி ஆட்கள் மூன்று பேர் வெயிலில் காத்திருந்தார்கள். மூன்று மணி ஆயிற்று, நான்கும் ஆயிற்று. தண்ணீர் காலையில் இருந்த அதே சிவப்பு. யுன்ஹா ஒரு பட்டையை எடுத்து விரலால் தடவிப் பார்த்தாள்.

"மருந்துப் பூச்சே இல்ல. யாரு சோடாவுல போட்டது?"

பியோ என்னைப் பார்க்காமலே சொன்னான். "இந்த அஜும்மா பாவம், எழுத்துத் தெரியாதவங்க. தாள்ல என்ன இருந்துச்சுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

யுன்ஹா என் பக்கம் திரும்பினாள். "அப்படியாம்மா?"

பியோ என் பின்னால் வந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுத்தான். "தெரியாதுன்னு சொல்லுங்க. தெரியாம செஞ்சவங்கள யாரும் வேலைய விட்டு அனுப்ப மாட்டாங்க. தெரிஞ்சே செஞ்சீங்கன்னா, நீங்களே பாத்துக்குங்க."

எனக்கு வயது அறுபத்திரண்டு. இனி யார் வேலைக்கு எடுப்பார்கள்?

"தெரியாதும்மா" என்றேன்.

யுன்ஹா ஈரப் பட்டைகளைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டாள். நகராட்சிக்காரர்களில் ஒருவர் ஏதோ எழுதினார். பத்து நாள் கழித்து அந்த எழுத்து வாசல் கதவில் ஒட்டியிருந்தது. பெண்கள் எல்லோரும் கூடி நின்றோம். என்னோடு வேலை செய்யும் புன்னியோவுக்கு எழுத்துத் தெரியாது.

"யாராவது படிச்சுச் சொல்லுங்கடி!"

முன்னால் இருந்தவர்கள் படித்துவிட்டு வாயைத் திறக்காமல் நின்றார்கள். நான் நகர்ந்து போய் உரக்கப் படித்தேன். "இங்குள்ள தொழிலாளர்கள் எச்சரிக்கையைப் படிக்கக்கூட இயலாதவர்கள். இத்தகைய முறையை இவர்களை நம்பி ஒப்படைக்க முடியாது. மறு சோதனை மறுக்கப்படுகிறது. இம்மாதக் கடைசியில் பட்டறை மூடப்படும்."

ஓர் இடத்திலும் திக்கவில்லை.

"அக்கா, உனக்குப் படிக்கத் தெரியுமா?" புன்னியோ என் கையைப் பிடித்துக் கேட்டாள்.

கூட்டத்தின் ஓரத்தில் பியோ நின்றிருந்தான். அவனும் என் பதிலுக்குத்தான் காத்திருந்தான்.

"தெரியும்" என்றேன். அதைக் கேட்டிருக்க வேண்டிய யுன்ஹாவும் நகராட்சிக்காரர்களும் அங்கே இல்லை.