தகரடி

அந்தக் குளிர்கிடங்கில் கூச்சல், கும்மாளம், அடங்காத்தனம் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: தகரடி. அங்கே வேலை பார்ப்பவர்கள் வீட்டுக்குப் போயும் பிள்ளைகளை, "என்னடா தகரடி பண்றீங்க?" என்றுதான் அதட்டுவார்கள். அகராதியில் தேடாதீர்கள், கிடைக்காது. எப்போதோ ஒரு சுமைதூக்கி ஃப்ரீசர் அறைக்குள் மாட்டிக்கொண்டு, தகரம் போர்த்திய கதவை உயிர்ப்பயத்தில் அடித்தார். திறந்தவர்கள் அவர் வெடவெடத்து நின்ற கோலத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுநாள் ஒருவன் வேடிக்கைக்கு அடித்தான். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. பிறந்த கதை எல்லோருக்கும் மறந்துபோனது, சொல் மட்டும் ஒட்டிக்கொண்டது. பாழாய்ப்போன சொல்!

அன்று சாப்பாட்டு மணி அடித்தது. பட்டாணிப் பொட்டலம் கட்டும் அக்கா கையுறையைக் கழற்றும்போது ஃப்ரீசர் அறைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. டம், டம். அவளுடைய தம்பிதான். மூட்டை தூக்குகிறவன். வாலு என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் கதவு அது. வெளியிலிருந்து திறக்க மேஸ்திரியின் சாவி வேண்டும், உள்ளிருந்து திறக்க ஒரு கைப்பிடி உண்டு. தினமும் கொஞ்ச நேரம் தட்டிவிட்டு, கைப்பிடியை இழுத்துப் பல்லைக் காட்டியபடி வெளியே வருவான்.

"தகரடி ஆரம்பிச்சாச்சுப்பா!" என்று யாரோ கத்தினார்கள்.

"தட்டட்டும் விடுங்க. கை வலிச்சா தானா வருவான்," என்றாள் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். அவள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

பாதிச் சாப்பாடு ஆகிவிட்டது, தம்பியைக் காணோம். தட்டும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. பிறகு நின்றேபோனது. அக்கா எச்சில் கையோடு மேஸ்திரியிடம் ஓடினாள்.

"அண்ணே, சாவியக் குடுங்க! அவன் இன்னும் வரல!"

"அடடா, அக்காவும் தம்பியும் சேர்ந்தே தகரடியா?" மேஸ்திரி கை கழுவியபடி சிரித்தார். "போன வாரமும் இப்படித்தான் என்னை ஓட வச்சீங்க. இன்னைக்கு நான் ஏமாற மாட்டேன்."

போன வாரம் அவள் பொய்யாக அழுதாள். இப்போது நிஜமாக அழுதாள். வித்தியாசம் யாருக்கும் தெரியவில்லை, தெரிய அவள் வழியும் வைக்கவில்லை. கதவில் போய் மோதினாள். தலையில் அடித்துக்கொண்டாள். "பாவிங்களா, என் தம்பி செத்துருவான்!" என்று அலறினாள். அவள் அலற அலற, ஒருவன் தட்டில் தாளம் போட்டான். மற்றவர்கள் கைதட்டினார்கள்.

சட்டென்று அவள் வாயை மூடிக்கொண்டாள். மேஸ்திரியின் காலடியில் குப்புற விழுந்து, அவர் பாதத்தில் நெற்றியை வைத்து, மூச்சுக்காட்டாமல் கிடந்தாள்.

தாளம் நின்றது. மேஸ்திரி குனிந்து அவளைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போய், சாவியை உருவிக்கொண்டு ஓடினார்.

கதவைத் திறந்ததும் காலடியிலேயே சுருண்டு கிடந்தான் வாலு. விரல் முட்டியெல்லாம் தோலுரிந்திருந்தது. முறிந்துபோன கைப்பிடி பக்கத்தில் கிடந்தது. அக்கா அவனை வெளியே இழுத்து மடியில் போட்டு, கன்னத்தைத் தேய்த்தாள், உள்ளங்காலைத் தேய்த்தாள்.

"கண்ணு, பேசுடா! அக்கா வந்துட்டேன்டா!"

நெடுநேரம் கழித்து நீலம் பாரித்த உதடு அசைந்தது. அவள் காதைக் கொண்டுபோய் வைத்தாள்.

"நான் தட்டினப்ப... நீ சிரிச்சது கேட்டுச்சுக்கா."