மூட்டத்தில் ஒரு கூ

பூரணி என்ன வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால், அவள் அம்மா வேலாயி "பாட்டுப் பாடுறா" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாள். அதற்கு மேல் சொல்ல அவளுக்கும் தெரியாது. மகள் பாடுவதில் சொல் கிடையாது, தாளம் கிடையாது, பக்கவாத்தியம் கிடையாது. மூச்சை இழுப்பாள், நாக்கைச் சொடுக்குவாள், உறுமுவாள். பக்கத்தில் இருக்கும் கணினி அதையெல்லாம் பிடித்து, நீட்டி மடக்கி, ஒலிபெருக்கிகளில் திருப்பி விடும். கொழும்பில் இதைக் கேட்கவே ஒரு கூட்டம் இருக்கிறது என்றால் டிக்கோயாவில் யார் நம்புவார்கள்?

அப்படிப்பட்டவள் தான் பிறந்த தேயிலைத் தோட்டத்து மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் பாடியே தீருவேன் என்று அடம்பிடித்தாள். அம்மா ஒரு தடவையாவது கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, இதுவும் பாட்டுத்தான் என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை ஆட்டமும்.

ஆனால் அந்த நாள் வந்ததும் அவளுக்கே பயம் வந்துவிட்டது. அம்மாவோடு கொழுந்தெடுக்கும் பெண்கள் மொத்தப் பேரும் தீபாவளிச் சேலையில் வந்து முன் வரிசைகளைப் பிடித்துவிட்டார்கள். நடுவில் வேலாயி, தலையில் கனகாம்பரத்தோடு, கல்யாணப் பெண்ணின் தாயைப் போல உட்கார்ந்திருந்தாள்.

"வேலாயிக்கா, சாமி பாட்டு முதல்ல வருமா, சினிமாப் பாட்டு முதல்ல வருமா?" என்று பக்கத்தில் இருந்த அழகம்மா கேட்டாள்.

"எல்லாம் வரும். நீ சும்மா இரு" என்றாள் வேலாயி.

மேடை ஓரத்தில் நின்ற பூரணிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பயந்தால் சிரிப்பது அவளுடைய பழைய வியாதி.

ஹட்டனில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டும் திலக்ஷனுக்கு வேறு கவலை. "பின்னாடி ரெண்டு பொட்டி எதுக்குங்க அக்கா? சனம் முன்னாடிதானே பாக்குது."

"நான் முன்னாடி கூப்பிடுவேன். கொஞ்சம் பொறுத்து அது பின்னாடியிருந்து பதில் சொல்லும்."

"யாரு, பொட்டியா?" என்று கேட்டுவிட்டு, அவன் மீசையைத் தடவிக்கொண்டே போனான்.

அவள் பாட இருந்த உருப்படிக்கு 'மூட்டம்' என்று பெயர். பனிமூட்டம் இறங்கி, பக்கத்து நிரையில் இருப்பவள்கூடத் தெரியாமல் போகும்போது, மலையில் கொழுந்தெடுக்கிறவர்கள் 'கூ' என்று குரல் கொடுப்பார்கள். காதில் விழுந்தவர்கள் எல்லோரும் திருப்பிக் 'கூ' சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் யாரோ சறுக்கி விழுந்துவிட்டாள் என்று அர்த்தம். கூடையைப் போட்டுவிட்டுத் தேடிப் போவார்கள். அந்தக் குரலை வைத்துத்தான் பூரணி உருப்படியைக் கட்டியிருந்தாள். கொழும்பில் அது முடியும்வரை சபை மூச்சுக்கூட விடவில்லை. அந்தப் பெருமையில், இந்தச் சபை எப்படிப்பட்டது என்பதை மகராசி மறந்தே போனாள்.

மைக்கின் முன்னால் நின்று, கண்ணை மூடி, அடிவயிற்றிலிருந்து நீளமாக ஒரு 'கூ' கொடுத்தாள்.

"கூ" என்றாள் வேலாயி, உட்கார்ந்த இடத்திலிருந்தே. மலைக்கு மலை கேட்கிற குரல் அது.

அடுத்த நொடி அழகம்மா, அவளுக்குப் பின்னால் இருந்தவள், அதற்கும் பின்னால் இருந்தவள் என்று மண்டபமே கூவியது. பூரணியின் மைக் அத்தனையையும் விழுங்கியது. கணினிக்கு ஆள் வித்தியாசம் தெரியுமா? எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து பின்னால் இருந்த பெட்டிகளில் விட்டது. பெண்கள் திடுக்கிட்டுத் திரும்பி, பின்னால் யாரோ தவிக்கிறார்கள் என்று பெட்டிகளுக்கும் பதில் கூவினார்கள். பெட்டிகள் இன்னும் பலமாகக் கூவின. "யாருடி அது, நம்ம குரல்லயே கூப்பிடுறா?" என்று ஒருத்தி நாற்காலியில் ஏறியே பார்த்துவிட்டாள்.

நிறுத்தவா என்று திலக்ஷன் இரண்டு கையாலும் சைகை காட்டினான். பூரணி குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பையும் கணினி எடுத்து விட்டது. மண்டபம் முழுக்கப் பூரணிகள் சிரித்தார்கள், அதைக் கேட்டு மனிதர்களும் சிரித்தார்கள்.

அந்த நேரம் பார்த்துச் சனத்துக்குப் பிளேன்டீ வைக்க யாரோ பின்னறையில் வெந்நீர்க் கேத்தலைக் கரண்டில் சொருக, பாரம் தாங்காமல் அது பட்டென்று போனது.

பெட்டிகள் செத்தன. சன்னல் வழியே மூட்டம் உள்ளே வந்திருந்தது. மேடையிலிருந்து முன் வரிசையே மங்கலாகத்தான் தெரிந்தது. பூரணியின் சிரிப்பு அடங்கியது. எல்லாம் கெட்டது என்று நினைத்தாள். இனி எல்லோரும் எழுந்து போவார்கள், அம்மா நாளைக் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் எந்த முகத்தோடு நிற்பாள்? மேடையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"கூ."

அம்மாவின் குரல். பூரணி வாய் திறக்கவில்லை.

"கூ." இந்தத் தடவை அதில் கொஞ்சம் நடுக்கம் இருந்தது. நாற்காலிகள் நகர்ந்தன. ஒருத்தி செருப்பைத் தேடினாள். எல்லோரும் எழுந்து மேடையை நோக்கி வரத் தொடங்கினார்கள். "புள்ள பதில் குடுக்கலியே" என்றாள் அழகம்மா.

அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை, தன்னைத் தேடி வருகிறார்கள் என்று புரிந்ததும் பூரணிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எழுந்து நின்று, மைக் இல்லாத வெறும் தொண்டையால் 'கூ' என்றாள். வந்தவர்கள் நின்ற இடத்திலேயே நின்று பதில் கொடுத்தார்கள். அவள் குரலை வளைத்தாள், அவர்களும் வளைத்தார்கள். அவள் நாக்கைச் சொடுக்கினாள், கொழுந்து கிள்ளுவதுபோல நாலா பக்கமும் சொடுக்குகள் கேட்டன. மூச்சை இழுத்தாள், ஏற்றத்தில் கூடை சுமந்து ஏறுகிற அத்தனை மூச்சும் அவளைச் சுற்றி இழுத்தது. அழகம்மா ராகம் போட்டு ஒரு கொசுறும் சேர்த்தாள். எந்தக் கணினியும் அவளுக்கு இப்படிப் பதில் சொன்னதில்லை. தலை கிறுகிறுத்தது, கால் தரையில் நிற்க மறுத்தது, அவள் பாடினாள்.

விளக்கு பளிச்சென்று எரிந்தது. திலக்ஷன் பாய்ந்து வந்து கணினியின் பொத்தானை அமுக்க, பெட்டிகள் மெல்ல உறுமத் தொடங்கின.

வேலாயி அவன் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பொட்டிய அமத்து தம்பி. நாங்க பாடிக்கிட்டு இருக்கோம்."