எவெனோர் சொன்னதில் பாதி

ரோட்ஸ் தீவில் பொலுகார்மோஸ் என்றால் தனி மரியாதை. செத்துப்போன ஞானிகளின் வாக்குகளையெல்லாம் திரட்டிப் பன்னிரண்டு சுருள்களாகச் செய்துகொண்டிருந்தார். கட்டிலில் சாய்ந்து உப்புமீனைத் தின்றபடி அவர் நினைவிலிருந்து சொல்வார். ஆறு வருஷமாக அதை எழுதிவந்தவன் அர்கியாஸ்.

கடைசிச் சுருளில் எவெனோர் என்ற ஞானியின் முறை வந்தது. "'சாவுக்கு அஞ்சாதவனே அறிவாளி.' எழுதிக்கோ. சாகப்போற நேரத்துல சொன்னாராம்," என்றார் பொலுகார்மோஸ்.

மறுநாள் அலமாரியில் மைக்கூட்டைத் தேடியபோது எவெனோர் தாமே எழுதிய சுருள் அர்கியாஸின் கையில் அகப்பட்டது. மீன் பொதிவதற்காகப் பாதியைக் கிழித்துவிட்டிருந்தார்கள். மிச்சத்தில் அந்த வரி இருந்தது: 'சாவுக்கு அஞ்சாதவனே அறிவாளி என்கிறார்கள். அப்படி ஒருவனை நான் கண்டதில்லை. எனக்கு நடுக்கமாக இருக்கிறது.'

அதை எடுத்துக்கொண்டு பொலுகார்மோஸின் முன் போய் நின்றான். "ஐயா, அவர் சொன்னது நேர்மாறா இருக்கு."

"ஞானி நடுங்குறதைக் கேக்கவாடா சனம் வருது? அவன் சொல்லியிருக்க வேண்டியதை நான் சொல்றேன். செத்தவனுக்கு உபகாரம்."

"அப்ப அவர் பேரை எதுக்குப் போடணும்?"

"உன் பேரைப் போட்டா எவன் கேப்பான்?"

சொல்லிக்கொண்டே மீன் நாறும் விரல்களை அந்தச் சுருளிலேயே துடைத்தார். அர்கியாஸ் அதை வாங்கி மடியில் செருகிக்கொண்டான். படியெடுத்தபோது மூன்று வாக்கியங்களையும் எழுதிவைத்தான்.

மண்டபத்தில் அரங்கேற்றம். வாசிக்கப்போவதை முன்கூட்டிப் பார்க்கும் பழக்கம் பொலுகார்மோஸுக்கு இல்லை. 'நடுக்கமாக இருக்கிறது' என்று வாசித்து முடித்த பிறகுதான் சுதாரித்தார். உடனே புன்னகைத்தார். "எழுதினவன் தூங்கிட்டான்போல. பின்பாதி எவெனோரோடது இல்ல."

கூட்டம் சிரித்தது. எவெனோரில் ஒரு வரிகூடப் படித்திராத கப்பல் முதலாளி ஒருவர், "நானும் நெனச்சேன். எவெனோராவது, நடுங்குறதாவது. முதல் வரிதான் அவர் குரல்," என்றார்.

அர்கியாஸ் எழுந்து சுருளை நீட்டினான். "அவர் சுருள் இதோ இருக்கு. யார் வேணும்னாலும் படிச்சுப் பாருங்க."

"நாத்தமடிக்குது. தள்ளிப் பிடிப்பா," என்றார் பக்கத்திலிருந்தவர்.

வெளியே வந்து சுவரோரம் நின்று காறித் துப்பினான். பொலுகார்மோஸின் வாயையும் கூட்டத்தின் சிரிப்பையும் நினைக்க நினைக்க அருவருப்பாக இருந்தது. அப்போதுதான் மற்ற பதினொரு சுருள்கள் நினைவுக்கு வந்தன. எல்லாம் அவன் கையெழுத்து. எபேசுவுக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் எப்போதோ கப்பலேறிவிட்டவை. எழுதிய நாளில் ஒரு மூலத்தையாவது அவன் பிரித்துப் பார்த்ததில்லை.

மறுநாள் அவன் வேலைக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாள் வேறொருவன் போனான். கையெழுத்து முத்துமுத்தாக இருப்பதாகப் பேசிக்கொண்டார்கள்.