முதுகு காட்டிய கலியாணம்

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதைக் கொடுத்தாலும் பிடிப்பதில்லை. புதியதைக் கொடுத்தால் பழையது எங்கே என்று தேடுகிறார்கள். அந்தப் பழையதோடு மல்லுக்கட்டினவர்கள் நாங்கள். எங்களை யார் கேட்கிறார்கள்?

என் பேத்திக்குக் கலியாணம். வாயாடி என்றுதான் அவளைக் கூப்பிடுவேன். எங்கள் மாதா கோயிலில் பழைய முறைப்படி லத்தீன் பூசை வேண்டுமாம். சாமியார் பீடத்தைப் பார்த்து நிற்பார். பெண்ணும் மாப்பிள்ளையும் அந்தப் பக்கமே பார்த்து நிற்பார்கள். சனங்களுக்கு முதுகுதான் மிச்சம்.

"ஏண்டி, என் கலியாணமும் அப்படித்தான் நடந்துச்சு. ஒரு எழவும் புரியல. அப்புறம் சபையில முறையை மாத்தினதும்தான் சாமியாரு எங்க பக்கம் திரும்பி நம்ம பாஷையில பேசினாரு. அவரை மறுபடியும் திருப்பி வைக்கிறீங்களே!"

"அழகா இருக்கும் தாத்தா. சம்மதம் கேக்கிறது மட்டும் நம்ம பாஷையிலதான். உனக்குக் கேக்கும்."

"கேட்டுக் கிழிச்சேன்."

எனக்குக் காது போய் நாளாயிற்று. என் சலூன் கடையில் முடிவெட்டும்போது எதிர்க் கண்ணாடியில் ஆளின் வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிப்பேன். வீட்டில் சொன்னதில்லை. சொன்னால் கடைச் சாவியைப் பிடுங்கிக்கொள்வார்கள். மாப்பிள்ளை தங்கமான பையன் என்கிறார்கள். சொல்லத்தான் செய்வார்கள். இவள் மனசோடு சம்மதம் சொல்கிறாளா என்று முகத்தைப் பார்த்தால்தான் நான் நம்புவேன்.

கலியாணத்தன்று எல்லாருக்கும் முன்பே கோயிலுக்குப் போனேன். கடைக் கண்ணாடியைத் துணியில் சுற்றி எடுத்துப்போயிருந்தேன். கிளம்பும்போதே என் வீட்டுக்காரி பார்த்துவிட்டாள்.

"கோயில்ல யாருக்குச் சவரம்?"

"சாமியாருக்கு. போடி அந்தப் பக்கம்."

பீடத்துப் படியோரம் இருந்த பூச்சாடியில் அதைச் சாய்த்து வைத்துவிட்டு, முதல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன்.

பூசை தொடங்கியது. ஒரே முதுகுகள். சாமியாரின் பின்னந்தலையை எவனோ கோணலாக வெட்டியிருந்தான். நான் இல்லை.

சம்மதம் கேட்பதற்காகச் சாமியார் இவர்கள் பக்கம் திரும்பினார். மாப்பிள்ளை சொல்லி முடித்தான். அடுத்தது இவள். கண்ணை அலையவிட்டவள் கண்ணாடியில் என்னைக் கண்டுவிட்டாள். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தாள். பிறகு கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல், வாயை அகலமாகத் திறந்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்: "சம்மதம்."

முகமெல்லாம் சிரிப்பு. பொய் இல்லை.

எதைப் பார்க்கிறாள் என்று சாமியாரும் திரும்பினார். தன் முகத்தையே பார்த்ததும், அவர் கை தானாகப் போய்த் தலையைத் தடவிக்கொண்டது. கோயிலே குலுங்கிச் சிரித்தது.

பூசை முடிந்ததும் சாமியார் கண்ணாடியை வாசலுக்குக் கொண்டுவந்தார்.

"பெரியவரே, இது எந்த முறையில இருக்கு?"

"எல்லாரும் இந்தப் பக்கம் திரும்பி நின்னிருந்தா இது எதுக்கு, சாமி?"

வாயாடி என் முன்னால் வந்து, முகத்துக்கு நேராக நின்றுகொண்டாள். கடையிலும் சின்ன வயதிலிருந்தே கண்ணாடியைப் பார்த்துத்தான் என்னோடு பேசுவாள். கள்ளி, என் காது சங்கதி அப்போதே தெரிந்திருக்கிறது!

"அழகா இருந்துச்சா தாத்தா?"

"நீ சொன்னது நல்லா இருந்துச்சு. மத்ததெல்லாம் முதுகு."

கண்ணாடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு கடையைப் பார்த்து நடந்தேன். பின்னால் ஏதோ கத்தியிருப்பாள். திரும்பிப் பார்க்கவில்லை. முதுகைப் பார்ப்பது எப்படி இருக்கிறதென்று அவளும் தெரிந்துகொள்ளட்டும்.