பதினொரு அடி குறைந்த பாலம்

பல்லேகமவுக்கு அப்பால், ஓயா என்னும் சிற்றாற்றின் குறுக்கே வெளிநாடொன்று கட்டிக்கொடுத்த பாலம் 2021 பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு அடி குட்டையாகியிருந்தது. உடைந்து விழவில்லை. ஊர்ப் பக்கக் கரையை எட்டாமல் நின்ற முனை, முதல் நாளே அப்படிக் கட்டியதுபோல வழவழப்பாகப் பூசப்பட்டு, கைப்பிடிக் கம்பியும் ஒழுங்காக வளைந்து முடிந்திருந்தது. அதை முதலில் கண்டவர் காவற்காரர் இருளாண்டி. பாலம் கட்டும் வேலைக்கு மாத்தளை டவுனிலிருந்து வந்து, அதற்கே காவலாகத் தங்கிவிட்டவர். அவர் இரண்டு தடவை அளந்து பார்த்தார். பிறகு கைகாட்டி பஸ்ஸை நிறுத்தினார்.

அன்று ஊரிலிருந்து பாலத்துக்கு வந்த முதல் ஆள் லாபிர். மிளகு வியாபாரம் செய்தவர். சிறுநீரகம் பழுதானதால் செவ்வாயும் வெள்ளியும் மாத்தளை ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரித்தால்தான் அவருக்கு மூச்சு. கூட வந்த மகள் றிஸ்னா, பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். அவள் இடைவெளியைப் பார்த்துவிட்டு, கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கதிரை கொண்டுவரச் சொன்னாள். இருளாண்டியும் இன்னும் மூன்று பேரும் இடுப்பளவு தண்ணீரில் அவரைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

"சாயாமப் புடிங்க இருளாண்டி. மௌத்தானாலும் பரவால்ல, நனஞ்சிரப் படாது" என்றார் லாபிர்.

காரணம் தெரியச் சில வாரங்கள் ஆயின. பாலம் குறைவதற்கு முதல் நாள், தூரதேசத்து மாநாடொன்றில் பாலம் கட்டித் தந்த நாடு கேட்ட வாக்கை நம் அரசாங்கம் மறுபக்கம் போட்டிருந்தது. ஏப்ரலில் அந்த நாட்டு அமைச்சர் பத்திரிகைக்காரரிடம் நம்மைப் பற்றிக் கசப்பாக ஏதோ சொன்னார். மறுநாள் இன்னும் இரண்டு அடி போயிற்று. அதன்பின் இருளாண்டி காலைச் செய்தியைக் கேட்டுவிட்டே அளக்கப் போனார்; அளக்குமுன்பே அவர் சொல்லும் அளவு அரை அங்குலம் பிசகுவதில்லை. ஜூலையில் வேறொரு நாட்டுக்காரர்கள் வந்தார்கள். மிச்சத்தைத் தாங்கள் கட்டித் தருவதாகவும், முழுப் பாலத்திலும் தங்கள் பெயர்ப்பலகை இருந்தால் போதும் என்றும் சொன்னார்கள். அவர்கள் அளவு நாடாவை விரித்ததும், ஆமை தலையை இழுத்துக்கொள்வதுபோலப் பாலம் எல்லோர் கண்முன்னாலும் நான்கு அடி பின்வாங்கியது. வந்தவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள்.

அக்டோபரில் மழை தொடங்கியது. ஓயா கழுத்தளவுக்கு ஏறிய ஒரு வெள்ளிக்கிழமை கதிரை இறங்க முடியவில்லை. ஞாயிறன்று லாபிரின் கால்கள் வீங்கி, செருப்பு நுழையவில்லை. றிஸ்னா அவற்றைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தாள். திங்கட்கிழமை மழை விட்டதும் அவரை டிராக்டரில் ஏற்றி, காட்டுப் பாதையால் ஒன்பது மணித்தியாலம் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அந்தக் கிழமையே ஊர் கூடிப் பலகை போடுவதென்று தீர்மானித்தது. அதைக் கேள்விப்பட்டு மாத்தளையிலிருந்து பொறியியலாளர் தர்மேந்திரன் வந்தார். கெட்டவர் அல்ல, கையில் ஒரு சுற்றறிக்கை வைத்திருந்தார்.

"பாலம் அந்த நாட்டோட நன்கொடைங்க. பேச்சுவார்த்தை முடியிற வரைக்கும் யாரும் அதுல கைவைக்கக் கூடாது."

"பாலத்துல கை வெக்க மாட்டோம் சேர்" என்றாள் றிஸ்னா. "ஒட்டாம, தனியா கால் நட்டு, இடைவெளியிலதான் பலகை போடுவோம். இடைவெளி யாருட நன்கொடை?"

தர்மேந்திரன் பாலத்தின் கோப்பு முழுவதையும் முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார். இடைவெளியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கோப்பை மூடிவிட்டு, கால்களை எவ்வளவு ஆழத்தில் நட வேண்டும் என்று இருளாண்டிக்குச் சொல்லிக்கொடுத்தார். வெயில் சாயும்வரை நின்று, தானும் ஒரு பலகைக்கு ஆணி அடித்தார். கும்புக் என்கிற மருத மரத்தில் பதினேழு அடி. பன்னிரண்டு நாளில் முடிந்தது. கொடியோ பெயரோ அதில் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

மறு வருடம் மார்ச்சில் இரண்டு நாட்டுத் தலைவர்களும் தொலைக்காட்சியில் கைகுலுக்கினார்கள். அடுத்த நாள் காலை பத்து மணிக்குப் பாலம் திரும்பி வரத் தொடங்கியது, எருமை நடக்கும் வேகத்தில். பலகைகள் நொறுங்கப் போகின்றன என்று நினைத்த இருளாண்டி ஓடிப்போய்க் கொங்கிரீட்டில் இரு கையும் வைத்துத் தள்ளினார்; பிரயோசனமில்லை. ஆனால் ஒன்றும் நொறுங்கவில்லை. பஸ்ஸில் இன்னொருவர் உட்கார நகர்ந்து இடம்விடுபவரைப் போல, பலகைகள் கால்களோடு கரைக்குள் நகர்ந்தன. மே மாதம் நாடுகள் மறுபடி முறைத்துக்கொண்டு பாலம் ஆறு அடி குறைந்தபோது, பலகைகள் கரையிலிருந்து ஆறு அடி வெளியே வந்து நின்றன.

அன்றிலிருந்து அப்படியே நடக்கிறது. இருளாண்டி இப்போது அளப்பதில்லை. செய்தி நேரத்தில் பாட்டு வைத்துக் கேட்கிறார். பிரதேச செயலகத்தின் மாத அறிக்கையில் பாலத்தின் நீளம் என்ற இடத்தில் றிஸ்னா 'போதுமானது' என்று எழுதுகிறாள். போன செவ்வாய்க்கிழமை இரண்டு நாடுகளும் தூதுவர்களைத் திருப்பி அழைத்துக்கொண்டன. பாலம் பத்தொன்பது அடி குறைந்திருந்தது; பதினேழு அடிப் பலகையும் பத்தொன்பதாக நீண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டோ பலகையில் ஏறி இறங்கியது. லாபிர் விழிக்கவில்லை, வாயைத் திறந்தபடி, மாத்தளை வரும்வரை தூங்கினார்.