தேசிக்காய் ஓட்டமும் ஒன்பது கிழமையும்

சிவரூபியின் ஓட்டோவுக்குக் காப்புறுதி இருந்தது. சிவரூபிக்கு இருக்கவில்லை. ஏழு வருடமாக ஜெயபுரத்தில் ஓட்டோ ஓடியும் அவளுக்கு அது ஒரு குறையாகப் பட்டதில்லை. பொலிஸ் மறித்தால் காட்டுவதற்கு ஒரு கடதாசி, அதை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். காப்புறுதி என்றால் அவளுக்கு அவ்வளவுதான்.

அந்த நிம்மதியைக் கெடுத்தவன் மதுசன். வவுனியாவில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை செய்கிறவன். யாரையோ பார்க்க ஜெயபுரத்துக்கு வந்த இடத்தில் அவனுடைய மோட்டார் சைக்கிளின் செயின் அறுந்துவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்த சிவரூபி, அவனை முழங்காவில் சந்தி வரை ஏற்றிப் போகச் சம்மதித்தாள்.

பாதி வழி போயிருக்கமாட்டார்கள், மதுசன் தொடங்கிவிட்டான்.

“அக்கா, நாளைக்கு ஒரு லொறி வந்து உங்கட ஓட்டோவை இடிச்சால் என்ன செய்வீங்கள்?”

“வாயைக் கழுவும் தம்பி. இன்சூரன்ஸ் இருக்கு.”

“சரி. ஓட்டோவில ஒரு கீறலும் இல்லை. உங்களுக்குத்தான் கை முறிஞ்சு போச்சு. அப்ப?”

சிவரூபி கண்ணாடியில் அவனைப் பார்த்தாள். முகத்தில் குறும்பு ஒன்றும் இல்லை. நிசமாகவே பதில் வேண்டும்போல இருந்தது.

“அப்ப ஓட்டோ நிக்கும், நான் படுத்திருப்பன்.”

“அதுக்குத்தான் ஒண்டு இருக்கு. வருமானக் காப்புறுதி எண்டு சொல்லுவம்.”

“செத்தால் தாற காசோ?”

“இல்லையக்கா. உயிரோட இருந்து, வேலை செய்ய ஏலாமல் போனால் தாறது.”

அப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. ஆனால் சிவரூபி எதையும் சும்மா நம்புகிற ஆள் இல்லை. தக்காளி வாங்கினாலும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துத்தான் எடுப்பாள். வண்டியை வேகம் குறைத்துவிட்டுக் கேள்வி கேட்கத் தொடங்கினாள்.

“காய்ச்சல் வந்து மூண்டு நாள் படுத்தால்?”

“தரமாட்டினம். முதல் பதினாலு நாளுக்கு ஒண்டும் இல்லை. பதினைஞ்சாம் நாளில இருந்துதான் கிழமைக்குக் கிழமை, ஏழு நாளுக்கு ஒருக்கா வரும்.”

“அந்தப் பதினாலு நாளும் நான் மண்ணையோ தின்னுறது?”

“அதுக்கு நீங்கள்தான் கொஞ்சம் ஒதுக்கி வைக்கோணும். காத்திருக்கிற நாளைக் குறைச்சால் மாதாமாதம் கட்டுறது கூடிப்போகும்.”

“நான் உழைக்கிறது முழுக்கத் தருவியளோ?”

“மூண்டில ரெண்டு பங்கு. முழுக்கத் தந்தால் ஆரக்கா திரும்பி வேலைக்குப் போவினம்?”

சிவரூபி சிரித்துவிட்டாள். பிறகு, ஒரு கையால் இடுப்பைத் தொட்டுக் காட்டி, மெல்லக் கேட்டாள். “எனக்கு இப்பவே நாரிப்பிடிப்பு இருக்கு. அதைச் சொல்லோணுமோ?”

“கட்டாயம் எழுதோணும். நாரியால வேலை நிண்டால் காசு வராது. ஆனால் அதை மறைச்சு எழுதினியள் எண்டால், கால் முறிஞ்சாலும் வராது.”

விற்க வந்தவன் இத்தனை தடவை ‘வராது’ என்று சொன்னதால்தான் அவளுக்கு நம்பிக்கை வந்தது. அடுத்த கிழமை மதுசன் படிவத்தோடு வந்தான். ஒவ்வொரு பக்கமாக வாசிக்கச் சொல்லி, விளங்காத இடமெல்லாம் மறித்து மறித்துக் கேட்டு, நாரிப்பிடிப்பையும் எழுதிக் கையெழுத்து வைத்தாள். அவன் போகும்போது தேத்தண்ணி மூன்று முறை ஊற்றியாகிவிட்டது.

அவள் கணவன் ஆண்டியப்பன் வீடு கட்டுகிற மேசன். வேலையால் வந்து கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தான்.

“நீ வீட்டில குந்தியிருப்பாய், வவுனியாவில இருந்து சம்பளம் வருமாம். எனக்கும் ஒரு கதிரை போடு, நானும் குந்துறன்.”

“சிரியுங்கோ, சிரியுங்கோ,” என்றாள் சிவரூபி.

எட்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. மாதாமாதம் கட்டினாள். ஒவ்வொரு மாதமும் ஆண்டியப்பன் கதிரையைப் பற்றி விசாரித்தான்.

பிறகு பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி வந்தது. அவர்களுடைய மகள் யதுர்ஷிகா ஐந்தாம் வகுப்பு. பிள்ளைகளின் ஓட்டங்கள் முடிந்ததும் ஒலிபெருக்கியில் தாய்மாரைக் கூப்பிட்டார்கள். கரண்டியின் காம்பை வாயில் கடித்து, அதில் எலுமிச்சை அளவிலான ஒரு தேசிக்காயை வைத்து, விழாமல் ஓட வேண்டும். போன வருடம் சுகந்தினி என்கிற தாய் முதலாவதாக வந்து, வருடம் முழுக்க அதை எல்லோருக்கும் சொல்லித் திரிந்திருந்தாள். சிவரூபி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மைதானத்தில் இறங்கினாள்.

பாதித் தூரத்தில் சுகந்தினியைத் தாண்டினாள். தேசிக்காய் அசையவில்லை. முடிவுக் கயிற்றைத் தொட்டாள். சந்தோசத்தில் நிற்க மறந்து இன்னும் நாலு அடி ஓடினாள். அங்கே, உயரம் பாய்கிற பிள்ளைகளுக்காக மணல் நிரப்பிய குழி இருந்தது. அதன் விளிம்பில் வலது கால் மடிந்தது. ‘டக்’ என்ற சத்தம் அவளுக்கே கேட்டது.

“தேசிக்காய் விழுந்திட்டுது!” என்று கத்தினாள் சுகந்தினி.

“கயிறு தாண்டினாப் பிறகுதான் விழுந்தது!” என்று மணலில் கிடந்தபடியே கத்தினாள் சிவரூபி. அதற்குப் பிறகுதான் வலி வந்தது.

கிளிநொச்சியில் படம் பிடித்துப் பார்த்தார்கள். கணுக்கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. ஆறு கிழமை பிளாஸ்ரர், பிறகு நாலு கிழமை கால் பழக வேண்டும், மொத்தம் பத்துக் கிழமை வண்டி தொடக்கூடாது என்றார் டொக்டர். சிவரூபியின் ஓட்டோவில் காலையும் மாலையும் போய்வந்த ஆறு பிள்ளைகளும் மூன்றாம் நாளே வேறு ஒருவரின் வானில் ஏறிவிட்டார்கள். ஆண்டியப்பனுக்கு ஓட்டோ ஓடத் தெரியாது. ஒரே ஒருமுறை முயன்று, வேலிக் கட்டையைச் சாய்த்தவன்.

மதுசன் கொண்டுவந்த கோரிக்கைப் படிவத்தில், ‘விபத்து எவ்வாறு நிகழ்ந்தது?’ என்று ஒரு கேள்வி இருந்தது. ஆண்டியப்பன் அதை வாசித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“ஓட்டோவால இறங்கேக்க விழுந்தன் எண்டு எழுது. தேசிக்காய் எண்டு எழுதினால் சிரிப்பாங்கள்.”

“சிரிக்கட்டும். ஊர் முழுக்கப் பாத்தது. பொய் எழுதினால் எல்லாம் போகும்.”

‘பாடசாலை விளையாட்டுப் போட்டியில் தாய்மாருக்கான தேசிக்காய் ஓட்டத்தில் ஓடியபோது’ என்று எழுதினாள். கொஞ்சம் யோசித்து, ‘கயிற்றைத் தாண்டிய பின்’ என்றும் சேர்த்தாள்.

பதினைந்தாம் நாள் வந்தது. காசு வரவில்லை. மூன்றாம் கிழமை ஒரு கடிதம் வந்தது. பந்தய விளையாட்டுகளில் ஏற்படும் காயங்கள் இந்த ஒப்பந்தத்தில் அடங்காது, ஆகவே கோரிக்கை பரிசீலனையில் நிறுத்தப்பட்டிருக்கிறது என்று அதில் இருந்தது.

சிவரூபி அதை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தாள். ஒதுக்கி வைத்தது முடிந்துகொண்டிருந்தது. ஆண்டியப்பன் கதிரைக் கதை எதுவும் எடுக்கவில்லை. குசினிக்குள் போய்ப் பருப்பை அடிப்பிடிக்க விட்டு, அதையே இரண்டு பேருக்கும் போட்டுக் கொண்டுவந்தான்.

“பிளாஸ்ரரை வெட்டச் சொல்லிக் கேக்கப்போறன்,” என்றாள் சிவரூபி. “கொஞ்சம் நொண்டினாலும் பறவாயில்லை. ஓடலாம்.”

ஆண்டியப்பன் தன் இடது கையை அவள் முன்னால் நீட்டினான். நடுவிரல் ஒரு பக்கமாக வளைந்திருந்தது. கல்லு விழுந்து முறிந்த விரல். நாலாம் நாளே வேலைக்குப் போனதால் அப்படியே பொருந்திவிட்டது. இப்போது மட்டம் பார்க்கிற நூலைக்கூட அந்தக் கையால் இழுத்துப் பிடிக்க முடியாது.

“இதைப் பாத்திட்டு வெட்டச் சொல்லு,” என்றான்.

அடுத்த நாள் காலை சிவரூபி அலுமாரியில் இருந்து ஒப்பந்தப் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னாள். கடிதத்தில் எழுதியிருந்த பிரிவு எண்ணைத் தேடி, விரல் வைத்து வாசித்தாள். கைபேசியில் மதுசனுக்குக் கோல் எடுத்தாள்.

“தம்பி, பதினோராம் பிரிவை எடும். எடுத்திட்டீரோ? ‘ஊதியத்துக்காக அல்லது பரிசுப் பணத்துக்காகப் பங்குபற்றும் பந்தய விளையாட்டுகள்’ எண்டு கிடக்கு. கடிதம் எழுதினவர் பாதியை விட்டிட்டு எழுதியிருக்கிறார்.”

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது.

“ஓமக்கா,” என்றான் மதுசன். “உங்களுக்கு ஏதும் பரிசு தந்தவையோ?”

“எனக்கு இன்னும் ஒண்டும் தரேல்லை. நான் முதலாவதோ இல்லையோ எண்டே ஒரு முடிவும் இல்லை.”

“அதைப் பள்ளிக்கூடத்தில ஒரு கடிதமா வாங்கித் தாங்கோ. நான் கொண்டுபோய் மேசையில வைச்சு வாதாடுறன்.”

அதிபர் சிவனேஸ்வரி ரீச்சர் மாலையே வீட்டுக்கு வந்தா. கதிரையில் இருந்து, கண்ணாடியைப் போட்டு, தன் கையாலேயே எழுதினா. ‘மேற்படி ஓட்டம் தாய்மாரை மகிழ்விப்பதற்காக நடத்தப்பட்டது. ஊதியமோ பரிசுப் பணமோ வழங்கப்படுவதில்லை. முதலாம் பரிசு ஒரு பிளாஸ்ரிக் வாளி. நடுவர்கள் கூடி ஆராய்ந்ததில், கயிறு தாண்டிய பின்னரே தேசிக்காய் விழுந்தமை உறுதியாகியுள்ளது. எனவே வாளி திருமதி சிவரூபி அவர்களுக்கே உரியது.’

“கடைசி ரெண்டு வரியும் அவைக்குத் தேவையோ ரீச்சர்?” என்று கேட்டான் ஆண்டியப்பன்.

“தேவையில்லைத்தான். ஆனால் உண்மை,” என்று சொல்லி முத்திரையைக் குத்தினா.

ஐந்தாம் கிழமையின் நடுவில் வங்கியில் இருந்து கைபேசிக்குச் செய்தி வந்தது. பதினைந்தாம் நாளில் இருந்து சேர வேண்டியது எல்லாம் ஒன்றாக வந்திருந்தது. சிவரூபி அதை இரண்டு முறை வாசித்தாள். துள்ளத்தான் தோன்றியது, கால் விடவில்லை. கடைக்குப் போகும் யதுர்ஷிகாவிடம் அன்று ஒரு மீன் ரின்னும் சேர்த்து வாங்கச் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவளில் ஒரு மாற்றம் தெரிந்தது. கிளினிக்குக்குப் போகும்போது, “எப்ப வெட்டுவீங்கள்?” என்று கேட்பதை விட்டுவிட்டாள். டொக்டர் சொன்னபடி காலைத் தலையணையில் உயர்த்தி வைத்தாள். பகலில் தூங்கினாள். கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் அவள் பகலில் தூங்கி ஆண்டியப்பன் கண்டதில்லை. வேலையிடத்தில் இருந்து மதியம் வந்து பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் திரும்பிப் போனான். அந்த ஞாயிறு மதுசன் சுகம் விசாரிக்க வந்தபோது, அவனை வெளியே வேலியடிக்குக் கூட்டிக்கொண்டுபோய் நெடுநேரம் கதைத்தான். என்ன கதை என்று சிவரூபி கேட்கவில்லை. “மேசனுக்கு எண்டால் கட்டுறது கொஞ்சம் கூடுதலாம்,” என்று இரவுச் சாப்பாட்டில் அவனாகவே சொன்னான்.

பிளாஸ்ரர் வெட்டிய கால் வாழைத்தண்டுபோல வெளிறி மெலிந்திருந்தது. குதியை ஊன்றி, விரலை ஊன்றி, சொல்லித் தந்தபடி பழகினாள். ஒன்பதாம் கிழமை முடிகிற அன்று முற்றத்தில் ஓட்டோவை எடுத்துப் பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்துப் பார்த்தாள். வலி இல்லை. கிளினிக்குக்குப் போனாள். டொக்டர் காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஓடலாம்,” என்றார்.

“டொக்டர் எழுதித் தந்த மெடிக்கலில பத்துக் கிழமை எண்டுதானே கிடக்கு,” என்றான் ஆண்டியப்பன். “இன்னும் ஒரு கிழமை வருமே.”

“ஏலாதெண்டால்தான் அந்தக் காசு. எனக்கு இப்ப ஏலும்.”

கம்பனிக்குக் கோல் எடுத்தாள். ஒரு பெண் எடுத்தா.

“தங்கச்சி, நான் திங்கக்கிழமை வேலைக்குப் போறன். இனிக் காசு போடவேண்டாம்.”

அந்தப் பெண் திருப்பிக் கேட்டா.

“நிப்பாட்டச் சொல்லியோ அக்கா எடுக்கிறீங்கள்?”

“ஓம்.”

“ஏன் நிண்டது எண்டு கேட்டுத்தான் எல்லாரும் எடுக்கிறவை,” என்று சொல்லி அந்தப் பெண் சிரித்தா. பெயரையும் ஒப்பந்த எண்ணையும் கேட்டுப் பதிந்துகொண்டா.

திங்கட்கிழமை காலை ஆறு பிள்ளைகளில் நாலு பேர் திரும்பி வந்தார்கள். இரண்டு பேர் வானிலேயே நின்றுவிட்டார்கள். வானில் பாட்டுப் போடுவார்களாம். சிவரூபிக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான். ஆனாலும் ஓட்டோ வீதிக்கு ஏறியதும் காற்று முகத்தில் அடித்தது, பின்னால் நாலு பிள்ளைகளும் கரை இடத்துக்குச் சண்டை பிடித்தார்கள், இரண்டு பக்கமும் நெல்லு பச்சையாக நின்றது. பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தாய், கையில் புத்தகப் பையோடு நின்ற சின்னப் பெண்ணைப் பிடித்துக்கொண்டு கை காட்டினா.

“இடம் இருக்கோ?”

“இருக்கு, ஏத்துங்கோ,” என்று சொல்லி, சிவரூபி வலது காலால் பிரேக்கை மிதித்தாள்.